0.13-க்கு நேரே எழுதியிருந்த 65

முருகன் துணை.

இதை எழுத உட்கார்ந்து எத்தனை முறை எழுந்து போயிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. முதல் பக்கத்தை மட்டும் நான்கு முறை எழுதிக் கிழித்திருக்கிறேன். ஒரு முறை எழுதியதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். இன்னொரு முறை எழுதியதில் பெரும் பாவியாக இருந்தேன். இரண்டையும் படித்துப் பார்த்தால் இரண்டும் நான் இல்லை. அப்புறம் என்னத்தை எழுதுவது என்று நோட்டை மூடி வைத்துவிடுவேன். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு லேப்புக்கு எனக்கே சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். ஆமாம், எனக்கும் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பார்த்தவனுக்கு வராமல் இருக்குமா? அங்கே ஒரு பெண் ரத்தம் எடுத்து மிஷினுக்குள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் 186 என்று காகிதம் வெளியே வந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "ஸ்டாண்டர்ட் போட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "அதெல்லாம் மிஷினே பாத்துக்கும் சார். நீங்க லேப்ல இருந்தீங்களா? அப்பல்லாம் எப்படி சார் பாப்பீங்க? எழுதிக் குடுங்க சார், எங்க சங்க மலர்ல போடலாம்."

எப்படிப் பார்த்தோம் என்பதை எழுத வேண்டுமென்றால் திண்டிவனத்தில் நடந்ததையும் எழுதியாக வேண்டும். அது இல்லாமல் இதை எழுதினால் அது பொய்.

என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவை கணக்கில் தவறினேன். இரண்டாம் தடவை வரைபடக் கேள்வி என்னைக் கரை சேர்த்தது. புள்ளி வைத்துக் கோடு போடுவது எனக்குக் கோலம் மாதிரி வந்துவிட்டது. பிறகு விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு தனியார் லேப்பில் ஒரு வருடம் பாட்டில் கழுவி, ஊசி கொதிக்க வைத்து, வேலை கற்றுக்கொண்டேன். அந்த லேப் முதலாளி ஒரு நாள் சொன்னார்: "சூத்திரம், கிராஃப், டேபிள் மூணும் ஒண்ணுதான்யா. ஒரே விஷயத்தை மூணு மாதிரி சொல்றது." எனக்குப் புல்லரித்தது. மும்மூர்த்தியும் ஒன்று என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அது போல என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதில்தான் வினை இருந்ததோ என்று இன்றைக்கு யோசிக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு டாக்டர் நடத்திய சிறிய நர்சிங் ஹோமில் எனக்கு வேலை கிடைத்தது. பத்துப் படுக்கை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் லேப். நான் ஒருவன்தான் டெக்னீஷியன். ஸ்டெல்லா அக்கா நர்ஸ்.

சர்க்கரை பார்க்கும் முறையை இப்போதைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மூன்று கண்ணாடிக் குழாய். மூன்றிலும் ஐந்து மில்லி மருந்து. அந்த மருந்தில் காடி நெடி அடிக்கும், திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். முதல் குழாயில் வேறொன்றும் போடக் கூடாது, அது வெறுங்குழாய். இரண்டாவதில் ஸ்டாண்டர்ட். அதாவது நூறு அளவு சர்க்கரை இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரிந்த கரைசல். மூன்றாவதில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிவு, ஒரு சொட்டு அளவு. மூன்றையும் பத்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தி, பிறகு குழாய்த் தண்ணீரில் ஆற வைக்க வேண்டும். பச்சை நிறம் வரும். சர்க்கரை கூடினால் பச்சை கூடும். இந்தப் பச்சை எவ்வளவு என்று அளக்கத்தான் கலரிமீட்டர். கரைசலை அதற்கென்று இருக்கும் சிறிய குழாயில் ஊற்றி உள்ளே வைத்தால் முள் நகரும். வெறுங்குழாயை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மற்றவற்றைப் படிக்க வேண்டும்.

முள் காட்டுவது சர்க்கரை இல்லை, பச்சையின் அளவு. 0.20, 0.35 என்று வரும். அதிலிருந்து சர்க்கரைக்குப் போக வேண்டும். அதற்குத்தான் சூத்திரம்: நோயாளியின் ரீடிங்கை ஸ்டாண்டர்டின் ரீடிங்கால் வகுத்து நூறால் பெருக்கு. அவ்வளவுதான்.

எனக்கு வகுத்தல் பயம். கணக்கில் ஒரு தடவை தவறியவனுக்குத்தான் அந்தப் பயம் புரியும். காலையில் பதினைந்து பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். அவசரத்தில் புள்ளியை மாற்றி வைத்துவிட்டால்? அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு, முந்நூறு என்று ஐந்து ஸ்டாண்டர்ட் கரைத்து, ஐந்தையும் படித்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். பூஜ்யத்தில் தொடங்கி நூல் பிடித்த மாதிரி ஏறியது. நூறுக்கு நேரே 0.20. அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு பெரிய அட்டையில் அட்டவணை எழுதினேன். இடப்பக்கம் ரீடிங், வலப்பக்கம் சர்க்கரை. 0.10 என்றால் 50, 0.11 என்றால் 55, 0.12 என்றால் 60. தலைப்பில் பிள்ளையார் சுழி. கறுப்பு மை, சிவப்புக் கோடு.

டாக்டர் பார்த்தார். அவர் எதையும் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் படிப்பார். நோயாளி என்றாலும் காகிதம் என்றாலும் அவருக்கு ஒரே நிதானம்தான். பேச்சு மட்டும் வெடுக்கென்று வரும்.

"எழுத்து நல்லா இருக்கு கோதண்டம். ஆனா இதை நம்பி ஸ்டாண்டர்ட் போடாம விட்டுடாதே. தினம் போடணும்."

"சரிங்க சார்."

தினம் போட்டேன். ஒரு வருடம் போட்டேன். தினமும் 0.20 வந்தது. எப்போதாவது 0.19, எப்போதாவது 0.21. அட்டவணை ஒரு நாளும் தப்பவில்லை. அப்புறம் திங்கள்கிழமை மட்டும் போட்டேன். அப்புறம் அதுவும் இல்லை. "ஸ்டாண்டர்ட் சரியா இருக்கா?" என்று டாக்டர் கேட்டால், "சரியா இருக்கு சார்" என்பேன். சரியாகத்தான் இருந்தது. கடைசியாகப் பார்த்தபோது.

அட்டவணையை மயிலம் முருகன் காலண்டருக்குக் கீழே ஆணி அடித்து மாட்டியிருந்தேன். காலையில் முருகனுக்குக் கற்பூரம் காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டுவேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஸ்டெல்லா அக்கா பார்த்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "இன்னாபா, அடுத்த வருஷம் இந்த அட்டைக்கு மொட்டை போட்டுக்குவியா?"

"தொழில் பண்ற பொருள்க்கா, அதுவும் சாமிதான்."

"சாமின்னா தப்பு பண்ணாது. உன் அட்டை?"

"இதுவும் பண்ணாது."

சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆனால் நம்பித்தான் சொன்னேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஆனி மாதம். கழுவும்போது மரத் தாங்கி கை நழுவித் தொட்டியில் விழுந்தது. கலரிமீட்டருக்கு உள்ள குழாய்கள் பன்னிரண்டில் பதினொன்று போயிற்று. ஒன்றுதான் மிச்சம். மறுநாளே பஸ் ஏறி விழுப்புரம் போய், மருத்துவச் சாமான் விற்கும் கடையில் புதுப் பெட்டி வாங்கி வந்தேன். உயரம் அதேதான். கருவிக்குள் சரியாக உட்கார்ந்தது. கழுவிக் கவிழ்க்கும்போது விரல் விட்டுத் துடைப்பது என் வழக்கம். பழைய குழாயில் சுண்டுவிரல்தான் போகும். புதியதில் மோதிர விரல் தாராளமாகப் போயிற்று. கண்ணாடி மெலிசாக இருக்கிறது, உள்ளே அகலமாக இருக்கிறது, கழுவ வசதி என்று சந்தோஷப்பட்டேன். விரலுக்குத் தெரிந்தது புத்திக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று வாரமும் யாருக்குப் பார்த்தாலும் சர்க்கரை கூடுதலாக வந்தது. ஸ்டெல்லா அக்கா ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டே, "இன்னாபா இது, திண்டிவனத்துல எல்லாருக்கும் ஒண்ணா ஏறிப் போச்சு? குடிக்கிற தண்ணியில எவனாச்சும் வெல்லத்தக் கொட்டிட்டானா?" என்றார். டாக்டரும் கவனித்தார். மாம்பழக் காலம், அதனால்தான் என்று முடிவு செய்து, வருகிறவர்களையெல்லாம் மாம்பழத்தைத் தொடாதே என்று விரட்டினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாம்பழம் கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா.

அப்படி வந்தவர்களில் ரஞ்சிதம் ஒருத்தி. கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். நாற்பது வயது இருக்கும். கணவர் ஏழுமலை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். மண்பானையில் ஈரமணல் போட்டு அதில் இன்சுலின் பாட்டிலைப் புதைத்து வைத்து, தினமும் காலையில் ஊசியைக் கொதிக்க வைத்து அவரே மனைவிக்குப் போட்டுவிடுவார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஊசியில் உள்ள கோடு ஒன்றுகூடத் தப்ப விடமாட்டார். ஸ்டெல்லா அக்காவே, "என்னைவிட நல்லாப் போடறாருபா இந்த மனுஷன்" என்று சொல்லியிருக்கிறார்.

ரஞ்சிதத்துக்கு அந்தத் தடவை முள் 0.50 காட்டியது. அட்டவணையில் 250. எழுதிக் கொடுத்தேன். டாக்டர் இருபது யூனிட்டை முப்பதாக ஏற்றினார். "முப்பதாங்க?" என்று ஏழுமலை இரண்டு முறை கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து ஆடிக் கிருத்திகை. மயிலத்தில் கூட்டம். நானும் விடிகாலையில் போய்க் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். பதினோரு மணி இருக்கும், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஏழுமலை இடுப்பில் மஞ்சள் வேட்டியோடு மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காவடி எடுத்து மலை ஏறும்போது பின்னால் வந்தவள் படியில் சாய்ந்துவிட்டாளாம். உடம்பெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு கை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்து என் கையில் கொடுத்தார். "சுகர். சீக்கிரம்."

அவசரக் கேஸ் என்றால் இரண்டு குழாயாகப் போடுவது என் வழக்கம். ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கட்டும் என்று. இரண்டையும் கொதிக்க வைத்து, ஆற்றி, முதலாவதைப் புதுக் குழாயில் ஊற்றினேன். 0.13. சுவரைப் பார்த்தேன். 0.13-க்கு நேரே 65. அறையிலிருந்தே கத்தினேன்: "அறுபத்தஞ்சு சார்!"

அறுபத்தைந்து என்றால் அந்த முறையில் நினைவு தப்பும் அளவுக்குக் குறைவு இல்லை. காரணம் சர்க்கரை இல்லை என்று டாக்டர் விட்டுவிட்டார். "கை இழுக்குது. மூளையில அடைப்பா இருக்கும். பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிடுங்க. வேன் நிக்குதில்ல? ஸ்டெல்லா, லெட்டர் எழுதறேன், கூடப் போ."

நான் இரண்டாவதையும் படித்துப் பதிவேட்டில் எழுதிவிடலாம் என்று, கைக்கு எட்டிய குழாயில் ஊற்றினேன். அது மிச்சமிருந்த அந்த ஒரே பழைய குழாய். முள் 0.09-இல் நின்றது.

0.09 என்றால் 45.

ஒரே ரத்தம். ஒரே மருந்து. ஒரே கொதி. எங்கேயோ சொட்டு பிசகிவிட்டது என்று நினைத்தேன். பழைய குழாயில் இருந்ததைப் புதுக் குழாயில் மாற்றி ஊற்றினேன். 0.13. திரும்பப் பழையதில் ஊற்றினேன். 0.09. தண்ணீர் அதேதான், நிறம் அதேதான். பாத்திரத்தை மாற்றினால் எண் மாறுகிறது. எந்தப் பாத்திரம் உண்மை? சுவரில் அட்டவணை சந்தனப் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது இரண்டுக்கும் பதில் வைத்திருந்தது. 0.13-க்கு 65, 0.09-க்கு 45. எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லும். அதுதான் அதன் குணம்.

ஸ்டாண்டர்ட் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பத்து நிமிடக் கொதி, பிறகு ஆற வேண்டும். வெளியே வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டாண்டர்டைக் கொதியில் நிறுத்திவிட்டு, இரண்டு குழாயையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். என்ன சொல்வது என்று தெரியாமலேயே ஓடினேன்.

"சார், அறுபத்தஞ்சு இல்ல சார். நாப்பத்தஞ்சா இருக்கலாம்."

"இருக்கலாமா? என்னய்யா இருக்கலாம்? ரத்தம் ஒண்ணு, எண்ணு ரெண்டா?"

"தெரியல சார்."

"தெரியலைன்னு சொல்லவா ஓடி வந்தே?"

"ஆமா சார்."

இப்படி ஒரு பதிலை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என் கையில் இருந்த குழாய்களைப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லா அக்காவைப் பார்த்து, "குளுக்கோஸ் எடு. ஊசியில. கெட்டியா இருக்கறதை" என்றார். அதற்குள் வேனில் ஏற்றியிருந்த ரஞ்சிதத்தை இறக்கக்கூட இல்லை. பின் சீட்டில் கிடந்தபடியே கையை நீட்டிப் போட்டார்கள்.

ஏழுமலை மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் உள்ளுக்குள் அதையேதான் சொன்னேன். ஆனால் எதை வேண்டிக்கொள்வது என்று குழப்பம். நாற்பத்தைந்து உண்மையாக இருந்தால் இவள் பிழைப்பாள், என் அட்டவணை பொய். அறுபத்தைந்து உண்மையாக இருந்தால் என் அட்டவணை நிற்கும், இவள்? வேண்டுதலை முடிக்கும் முன்பே ரஞ்சிதம் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"காவடி இன்னா ஆச்சு?" என்றாள்.

"காவடி கெடக்குது போ! பங்காளி புடிச்சிக்கினான். உன்னப் பாருடி நீ" என்று ஏழுமலை அழுதார். ஸ்டெல்லா அக்காவும் அழுதார்.

உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்தபின் டாக்டர் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பய்யா ஊசி போட்டே?"

"விடியக்காலைல, அஞ்சு மணிக்குங்க. எப்பியும் போல."

"எவ்வளவு?"

"நீங்க ஏத்திச் சொன்ன முப்பதுங்க."

"சாப்பிட்டாளா?"

"விரதங்க. சாமி பாத்துட்டுதான் துண்றதுன்னு…"

"முப்பது யூனிட் போட்டுட்டுப் பட்டினியா மலை ஏத்தினியா? அறிவு இருக்காய்யா உனக்கு? உன் கையாலயே கொன்னிருப்பே."

ஏழுமலை தன் கையைத்தான் பார்த்தார். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் ஸ்டாண்டர்ட் ஆறியிருந்தது. புதுக் குழாயில் ஊற்றிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். 0.20 வரவேண்டியது 0.28 வந்திருந்தது. அகலமான குழாயில் பச்சை அடர்த்தியாகத் தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம். குறுகிய தம்ளரில் வெளுப்பாகத் தெரியும் டீ அண்டாவில் கறுப்பாகத் தெரிவது போல. மூன்று வாரமாக நான் கொடுத்த ரிப்போர்ட் எல்லாமே உண்மையைவிடக் கூடுதல். 250 என்று எழுதியதைச் சூத்திரத்தில் போட்டால் 178-தான் வருகிறது. 178-க்கு யாரும் முப்பது யூனிட் போடமாட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருடம்.

மத்தியானம் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், விரல், ஸ்டாண்டர்ட் போடாமல் விட்டது, போட்டதாகச் சொன்னது, எல்லாம். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் 0.50-ஐ 0.28-ஆல் வகுத்தார். விடையைக் கோடு போட்டு அடித்துவிட்டு மறுபடி வகுத்தார். அதே விடைதான் வந்தது.

"ஏத்தினது நான். ஏத்தச் சொன்னது உன் இருநூத்தம்பது."

"அவருகிட்ட சொல்லிடறேன் சார்."

"என்னன்னு சொல்வே? விரதத்தால விழுந்தாளா, டோஸால விழுந்தாளா? இருபது யூனிட் போட்டுட்டுப் பட்டினி கிடந்தாலும் விழுந்திருக்கலாம். முப்பது போட்டுச் சாப்பிட்டிருந்தா விழாம இருந்திருக்கலாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லி அந்த மனுஷனை என்ன பண்ணப் போறே?"

அதை நான், சொல்லாமல் இருக்க அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அவர் அப்படிச் சொன்னாரா, இல்லை என்னை யோசிக்கச் சொன்னாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேட்கலாம் என்றால் அவரும் இப்போது இல்லை.

மற்றதை எல்லாம் அவர் ஒழுங்காகச் செய்தார். பதிவேட்டைப் பிரித்து மூன்று வார ரிப்போர்ட்டையும் திரும்பக் கணக்குப் போடச் சொன்னார். மருந்து ஏற்றப்பட்டவர்கள் எல்லோருக்கும், உடனே வரவும், மறுபரிசோதனை, கட்டணம் இல்லை என்று என் கையாலேயே தபால் கார்டு எழுத வைத்தார். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சைக்கிளில் நானே போய்ச் சொன்னேன். எல்லோரும் வந்தார்கள். முருகன் புண்ணியத்தில் யாருக்கும் வேறு ஒன்றும் ஆகவில்லை. ரஞ்சிதத்துக்கும் இருபதாகக் குறைத்தார். விரதத்தால்தான் குறைக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அட்டவணையைக் கழற்றினேன். கிழிக்க மனம் வரவில்லை, சந்தனம் வைத்தது. மடித்துப் பெட்டியில் வைத்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ஸ்டாண்டர்ட் போடாமல் ஒரு ரிப்போர்ட் நான் கொடுத்ததில்லை. மூன்றும் ஒன்று என்று விழுப்புரம் முதலாளி சொன்னதைப் பல நாள் யோசித்தேன். ஒன்றுதான். ஆனால் சூத்திரத்தில் இன்றைய ஸ்டாண்டர்டுக்கு என்று ஓர் இடம் காலியாக இருக்கிறது. தினமும் போய் அதை நிரப்ப வேண்டும். அட்டவணையில் அந்த இடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரப்பி நான் மூடிவிட்டேன். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. படித்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

அந்த வருடம் மல்லாட்டை எடுத்ததும் ஏழுமலை ஒரு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நீங்க மட்டும் அன்னிக்கி ஓடியாரலன்னா எம்பொண்டாட்டி ஏதுங்க?" என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அடுத்த வருடமும் வந்தார். நான் வேறு லேப்புக்கு விழுப்புரம் வந்த பிறகும் விசாரித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் கும்பிடுவார். கும்பிடுகிறவரிடம் எப்படிச் சொல்வது? என் வீட்டில் அந்த மல்லாட்டையை எல்லோரும் தின்றார்கள். எனக்கு மட்டும் தொண்டையில் இறங்காது. பித்தம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கிருத்திகையன்று மயிலம் மலைப்படியில் ஏழுமலையைப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதம் போய் மூன்று மாதம் ஆகிறது என்றார். சிறுநீரகம் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில்.

"நல்லபடியா வச்சிக்கினேங்க. ஒண்ணு தவிர. அன்னிக்கி அப்பறம் நான் ஊசியத் தொடவே இல்ல. டாக்டரு சொன்னாரே, உங்கையாலயே கொன்னிருப்பேன்னு. கையி நடுங்கும். ரெண்டு மைலு தள்ளி ஒரு கம்பவுண்டரு இருந்தாரு. தெனம் காலைல எம்பொண்டாட்டி நடந்து போயி அவராண்ட போட்டுக்கினு வரும். மழயில, பனியில. கடைசி வருஷம் கால் புண்ணோட. நீ போட்டு வுடுய்யான்னு கெஞ்சும். மாட்டேன்னுட்டேன்."

அங்கேயே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் நான் மறைத்தது எனக்கு மட்டும் பாரம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பாரத்தில் பாதியை ஒரு பெண் தினமும் இரண்டு மைல் சுமந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மேலே மணி அடித்தது. கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறியது.

"அப்போ எம்மேல தப்பு இல்லியா?"

"இருக்கு. சாப்பிடாம போட்டீங்களே."

"அப்போ உம்மேல?"

"இருக்கு."

"எம்மேல எவ்ளோ? உம்மேல எவ்ளோ?"

அத்தனை வருடம் ஐயா என்று கூப்பிட்டவர் முதல் முறையாக என்னை நீ என்றார். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பச்சையை அளக்கக் கருவி இருக்கிறது. இதை எதில் ஊற்றி எந்த முள்ளில் படிப்பது?

"தெரியல" என்றேன். டாக்டரிடம் சொன்ன அதே சொல்.

"அது உசுரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்யா நீ" என்றார். திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன். பிடிக்காமலே இறங்கிப் போனார்.

அந்த வருடம் மல்லாட்டை வரவில்லை. அதற்கு அடுத்த வருடம் யாரோ ஒருவர் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். எப்போதும் முழு மூட்டை வரும். அன்று வந்தது அரை மூட்டை. விளைச்சல் குறைவா, இல்லை யார்மேல் எவ்வளவு என்ற தன் கேள்விக்கு அவரே கண்டுபிடித்த பதிலா என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். கொண்டுவந்தவரிடம் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு பிடி வறுத்துத் தின்றேன். இறங்கியது.

லேப்பில் வேலை செய்யும் பிள்ளைகளே, இதை உங்கள் கூட இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் ஓடிப்போய் ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு உயிரை வாங்கப் பார்த்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 0.13-ஐ 0.13 என்றும், 0.09-ஐ 0.09 என்றும், ஏழுமலை கேட்டதை அவர் கேட்ட மாதிரியும் சொல்லுங்கள். நான் தெரியல என்று சொன்ன இடங்கள் வரும்போது, கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று அங்கே வேறு எதையாவது போட்டு நிரப்பிவிடாதீர்கள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.